‘தற்காலிக வதிவிடம்’ கொழும்பு: குடும்பம் பெயர்ந்து வந்த வழியைப் பழைய பதிவுகளில் தேடுவது எப்படி

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் பெரிய மாமி, அப்பாவின் மூத்த அக்கா, வெள்ளவத்தையில் காலமானார். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. “தைப்பிங்கைப் பிறப்பிடமாகவும், அளவெட்டியை வசிப்பிடமாகவும், வெள்ளவத்தையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட” என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். தற்காலிகம் என்று நான் எழுதிய இடத்தில் மாமி வாழ்ந்தது 51 வருடம். அளவெட்டியில் இருந்தது 31 வருடம்தான். தைப்பிங் மலாயாவில் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

அந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பம் மூன்று ஊர் பெயர்ந்த கதை. அதைப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கியவன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டே இதில் எவ்வளவு தூரம் போகலாம், எந்தக் கதவை முதலில் தட்டலாம், எங்கே நான் ஏமாந்தேன் என்பவற்றை இங்கே எழுதுகிறேன். என் பக்கம் யாழ்ப்பாணம், மலாயா. மனைவியின் பக்கம் திருச்சி மாவட்டம், மலையகம், கொட்டாஞ்சேனை. இரண்டையும் தேடியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: நம்மவர்கள் ஊர் பெயரும்போது குடும்பப் பெயரைச் சுமந்து போவதில்லை. காணியையும் கடனையும்தான் சுமந்து போகிறார்கள். தேடுகிறவர் அவற்றின் பின்னால் போக வேண்டும்.

முதலில், பெயரை நம்புவதை நிறுத்துங்கள்

ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்களைத் தேடுகிறவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் வம்சாவளிகளை வரிசை வரிசையாக அச்சிட்டிருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் இருநூறு வருடம் ஓடுகிறது. நமக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்து. வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் செல்லத்துரை என்றால், இரண்டே தலைமுறையில் வேலுப்பிள்ளை எந்தத் தாளிலும் இல்லாமல் போய்விடுவார்.

அதற்கு மேல் எழுத்துக்கூட்டல். கந்தையாவை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர்கள் ‘க’ ஒலிக்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகளிலும் எழுதினார்கள். ஆகவே அட்டவணையில் ‘கே’ வரிசையையும் ‘சி’ வரிசையையும் பார்க்க வேண்டும். வைத்தியலிங்கத்துக்கு நான் இதுவரை ஐந்து எழுத்துக்கூட்டல் கண்டிருக்கிறேன். கொழும்பில் சிங்களத்தில் பதியப்பட்ட சான்றிதழ்களில் ழகரம் இருக்காது. அந்தப் பெயர் மறுபடி ஆங்கிலத்துக்குப் போகும்போது வேறொரு மனிதராகவே மாறிவிடும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு பொறி உண்டு. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தங்கள் விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களை நாம் இலக்கிய வரலாற்றில் படித்திருக்கிறோம். உங்கள் மூதாதை ஒருவர் 1830களில் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்திருந்தால், அங்குள்ள பட்டியலில் அவர் நியூ இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவரின் பெயரோடு உட்கார்ந்திருக்கலாம்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பப்பாவின் பெயரும் முதலெழுத்தும் கொண்ட ஒரு ரயில்வே எழுத்தரைப் பழைய மலாயாப் பத்திரிகைகளில் கண்டுபிடித்து எட்டு மாதம் பின்தொடர்ந்தேன். இடமாற்றம், பரீட்சை, கிரிக்கெட் ஆட்டத்தில் எடுத்த ஓட்டம் எல்லாம் குறித்து வைத்தேன். அவர் சிரம்பானில் வேலை செய்த வேறு ஆள். எங்கள் குடும்பத்தில் யாரும் கிரிக்கெட் விளையாடியதில்லை என்று அம்மா முதலிலேயே சொன்னார். நான் கேட்கவில்லை.

ஆகவே கொப்பி எடுத்ததும், ஆளுக்கொரு பக்கம் என்று தொடங்காதீர்கள், ஊருக்கொரு பக்கம் என்று தொடங்குங்கள். என்னிடம் இருப்பது சாதாரண சீ.ஆர். கொப்பிதான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஊர், கீழே வருடம், என்ன நடந்தது, அதை எந்தத் தாள் சொல்கிறது என்ற மூன்று நிரல். தாள் இல்லாமல் வாய்மொழியாக வந்ததைப் பென்சிலில் எழுதுகிறேன்.

வீட்டுப் பரணிலிருந்து: கல்வெட்டும் அறுபது வருடக் கணக்கும்

காப்பகங்களுக்குப் போகும் அவசரம் வேண்டாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் 31ஆம் நாளுக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர் இருக்குமே, ‘கல்வெட்டு’ என்று சொல்வோமே, அதுதான் நம்முடைய வம்சாவளிப் பதிவேடு. தேவாரத்தையும் படத்தையும் தாண்டிப் பின்பக்கங்களுக்குப் போனால் வம்ச விருட்சம் இருக்கும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் உறவுக்காரர் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகம் இத்தகைய மலர்களை ஏராளமாக மின்வருடி வைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் ஊர் மலர்களைத் தேடிப் பார்க்கலாம்.

கல்வெட்டின் முதல் பக்கத்தில் ஒரு வெண்பா இருக்கும். திதி நிர்ணய வெண்பா. பலர் அதைப் படிக்காமல் திருப்பிவிடுவார்கள். இறந்த வருடம், மாதம், பக்கம், திதி நான்கையும் சொல்லும் பாட்டு அது. எங்கள் பூட்டனுடைய வெண்பா பார்த்திப வருடம், ஆவணி மாதம், அபரபக்கம் (தேய்பிறை) என்கிறது. வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதால் பார்த்திப என்பது 1885–86 ஆகவும் இருக்கலாம், 1945–46 ஆகவும் இருக்கலாம். அப்பப்பா பிறந்தது 1893. ஆகவே 1885இல் அவருடைய தந்தை இறந்திருக்க முடியாது. 1945 ஆவணி, அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில், மலாயாவில் ஜப்பானியர் சரணடைந்த நாட்களில், அளவெட்டியில் அவர் கண்ணை மூடியிருக்கிறார்.

இதில் ஒரு சிறு எச்சரிக்கை. தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில் நடந்த மரணத்துக்கு வருடப் பெயருக்குரிய முதல் ஆங்கில ஆண்டைப் போடக் கூடாது, அடுத்த ஆண்டைப் போட வேண்டும். இந்த ஒரு பிழையால் பலர் பதிவு இல்லை என்ற பதிலோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். பக்கமும் திதியும் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரியான நாளையே பிடித்துவிடலாம்.

பழைய மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. “இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு மருமகனும், காலஞ்சென்ற இன்னாரின் மைத்துனரும்” என்று அவை கொடுக்கும் உறவு வரிசையை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்தால் அரை மரம் கிடைத்துவிடும்.

மாளிகாவத்தையில் ஒரு காலை

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1860களின் பிற்பகுதியிலிருந்து முறையாக நடக்கிறது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் பதிவாளர் நாயகமாக இருந்து அந்தத் திணைக்களத்தைச் சீர்படுத்தியவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அறிக்கையும் அவர் கைவண்ணமே. ஆனால் குடிசன அறிக்கைகள் தலைகளை எண்ணுமே தவிரப் பெயர் சொல்லாது. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பதிவேடுகள் இரண்டு பிரதியாக எழுதப்பட்டன. ஒன்று மாவட்டத்தில், மற்றது கொழும்பில். வடக்கில் போர்க்காலத்தில் பல அலுவலகங்கள் சிதைந்துபோன பின் இந்த இரண்டாம் பிரதியின் அருமை தெரிந்தது. மாளிகாவத்தையில் உள்ள மத்திய பதிவறையில் விண்ணப்பிக்கும்போது தேட வேண்டிய காலத்தை எவ்வளவு குறுக்கிக் கொடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. “1940களில்” என்று எழுதிக் கொடுத்தால் எழுத்தர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். “1945 ஆகஸ்ட் 15 முதல் செப்டெம்பர் 20 வரை, அளவெட்டி” என்று எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும். வெண்பாவைப் படித்ததன் பலன் இதுதான்.

இனி, உங்களிடம் ஏற்கனவே இருக்கும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் சொந்தப் பிறப்புச் சான்றிதழ். பள்ளிக்கும் கடவுச்சீட்டுக்கும் நூறு தடவை பிரதி எடுத்திருப்பீர்கள், ஒரு தடவையும் முழுக்கப் படித்திருக்க மாட்டீர்கள். தாய் தந்தையர் விபரத்துக்குக் கீழே இரண்டு கூடுகள் உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஒன்றில். தந்தை இலங்கையில் பிறக்காதவராக இருந்து பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் மற்றதில். இவை வம்சாவளி ஆர்வலர்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டது. மலையகத் தமிழர்களை வெளியே நிறுத்திய அதே விதி, படிவத்தில் கூடாக வந்து உட்கார்ந்தது.

நான் பிறந்தது 1963இல். அப்பா பிறந்த இடம் தைப்பிங். ஆகவே என் சான்றிதழில் பெரும்பாலோருக்கு வெறுமையாகக் கிடக்கும் அந்தக் கடைசிக் கூடு நிரம்பியிருக்கிறது. சிங்களக் கையெழுத்தில், நீல மை மங்கி, பூட்டனுடைய பெயர், 1862, அளவெட்டி. என் அப்பா அந்த அலுவலகத்தில் நின்று, தான் அந்நியன் அல்ல என்று காட்ட இரண்டு தலைமுறையின் பிறந்த ஊரை ஒப்புவித்திருக்கிறார். அறுபது வருடமாக என் அலுமாரியில் கிடந்த தாள். நான் பூட்டனைச் சிங்கப்பூரில் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூடுகளில் பெண்கள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பாட்டி, பூட்டி எவரையும் சட்டம் கேட்கவில்லை. அவர்களைத் தேட வேறு வழி இருக்கிறது.

உறுதிதான் உறுதி

1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதியாக வேண்டும். யாழ்ப்பாணத்தவர் காணியை விட்டுக் கொடுத்தாலும் உறுதியை விட மாட்டார்கள். வீடு எரிந்து ஓடியபோதுகூடப் பிள்ளைகளுக்கு அடுத்தபடி உறுதிக் கட்டைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கட்டு இன்று கொழும்பிலோ கனடாவிலோ ஒரு பொலித்தீன் பையில் இருக்கும்.

அப்பாச்சியின் சீதன உறுதியை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். வருடம் 1919. எழுதிக் கொடுத்தவர்கள் அவருடைய தாயும் தந்தையும். அதற்கு அடுத்த பந்தியில், இந்தக் காணி தாய்க்கு எப்படி வந்தது என்று எழுதியிருந்தது: 1888ஆம் ஆண்டின் ஒரு சீதன உறுதிப்படி. அதன் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கூடவே இருந்தன. அந்த உறுதியைத் தேடி எடுத்தால் அதற்கும் முந்தைய உரித்து. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி தாயின் சீதனம் மகளுக்குப் போகும் வழக்கம் இருந்ததால், ஒரே காணிப் பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறைப் பெண்களை வரிசையாகக் கண்டேன். வேறு எந்தப் பதிவிலும் முகம் காட்டாத பெண்கள். ஒருவர் பெயர் மட்டும் கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எல்லை விபரத்தைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். “கிழக்கு: இன்னார் பெண் (மனைவி) இன்னாரும் பங்காளரும், வடக்கு: ஒழுங்கை” என்று வரும் இடத்தில் உள்ள அயலவர்கள் பெரும்பாலும் சகோதரங்களே. ஒரே வளவு பிரிந்துதான் அந்த எல்லைகள் உண்டாயின. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் பின்னத்தில் இருக்கும். ஐந்தில் ஒன்று என்றால் ஒரு காலத்தில் ஐந்து பிள்ளைகள் பிரித்திருக்கக் கூடும். நிச்சயம் அல்ல, ஆனால் ஐந்து பெயரைத் தேடத் தொடங்கலாம். காணி எந்தக் கோயிற்பற்றில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். போர்த்துக்கேயர் வகுத்த பிரிவு அது, பின்னால் தோம்பு (டச்சுக்காலப் பதிவேடு) பார்க்கப் போகும்போது தேவைப்படும்.

உறுதியில் ஆட்களைக் குறிப்பிடும் வரிதான் ஊர்ப்பெயர்வுக்குச் சாட்சி. 1921இல் எழுதிய ஒரு கொள்வனவு உறுதியில் வாங்கியவர் “அளவெட்டியைச் சேர்ந்தவரும் தற்போது தைப்பிங்கில் வசிப்பவருமான” அப்பப்பா. அவருக்காகக் கையெழுத்து வைத்தவர் மைத்துனர், அற்றோர்ணித் தத்துவத்தின் பேரில். சிரம்பான் கிரிக்கெட்காரரை நான் கைவிட்டது அந்த வரியைப் படித்த அன்றுதான்.

உறுதி கையில் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். காணி இருந்த மாவட்டத்தின் காணிப் பதிவகத்தில், ஒவ்வொரு காணிக்கும் அடுத்தடுத்த கைமாற்றங்களைக் காட்டும் பேரேட்டுப் பக்கங்கள் உண்டு. நொத்தாரிசுகள் தாங்கள் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். காணிப் பெயரும் ஊரும் தெரிந்தால் போதும். ஈடு, மீட்சி என்று வரும் பதிவுகளை அலுப்பில்லாமல் குறியுங்கள். ஈடு வைத்த வருடம் பெரும்பாலும் யாரோ கப்பலேறிய வருடம். எங்கள் உறுதிக் கட்டில் 1882இல் ஓர் ஈடு இருக்கிறது, 1887இல் மீட்சி.

சொத்து வைத்துவிட்டு இறந்தவர்களுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு நடந்திருக்கும். அந்த அறிவித்தல்கள் அரசாங்க வர்த்தமானியில் அச்சாகின. பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அவற்றில் பெயரோடு வரும். குடும்பம் சிதறிய ஒரு நாளைப் படம் பிடித்தது போல இருக்கும்.

கடல் கடந்த கிளை: ‘பயனியர்’ என்ற சொல்

1882இல் காணியை ஈடு வைத்த பூட்டன் போனது தைப்பிங் இருக்கும் பேராக்குக்கு. குடும்பத்தில் வந்த ஒரு பழைய ஆங்கிலத் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பயனியர்’ என்று இருந்தது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. முன்னோடி! அகராதியை மூடிவிட்டுக் கொஞ்சம் படித்தபோது பெருமை தரைக்கு வந்தது. இலங்கைப் பயனியர் என்பது தெருக்களும் பாலங்களும் அமைத்த அரசாங்கத் தொழிலாளர் படை. மலாயாவின் முதல் ரயில் பாதையான தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையை அமைக்க அந்தப் படையின் இரண்டு பிரிவுகளை இங்கிருந்து கொண்டுபோனார்கள். பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. கல்வெட்டில் “மலாயா நாட்டில் உயர் உத்தியோகம் வகித்த” என்று இருந்தவர் கல்லும் சல்லியும் கணக்கெழுதப் போனவர். எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது. சில உறவினருக்குப் பிடிக்கவில்லை.

பழைய பதிவுகளில் தொழிற்பெயர்களை இன்றைய பொருளில் படிக்காதீர்கள் என்பதுதான் இதில் நான் கற்றது.

மலாயாக் கிளைக்குக் கொழும்பிலிருந்தே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தேட விட்டிருக்கிறது. அரசாங்க எழுத்தர்களின் இடமாற்றம், ஓய்வு, திருமணம், இறப்பு எல்லாம் அவற்றில் வரும். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் என்னைப் போல் எட்டு மாதம் போகும். பெயரோடு ஊரையும் திணைக்களத்தையும் சேர்த்துத் தேடுங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில், சிங்கப்பூர் சிலோன் வீதிச் செண்பக விநாயகர் கோயில் இரண்டும் இலங்கைத் தமிழர் எழுப்பியவை. அவற்றின் மலர்களில் ஊர் ஊராகப் பெயர் கிடைக்கலாம்.

மலையகக் கிளை: கடனைப் பின்தொடருங்கள்

இங்கே உறுதி இல்லை. காணியே இல்லாதவர்களிடம் உறுதி ஏது? இங்கே நூல் பிடித்துப் போகக் கடன்தான் இருக்கிறது.

கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் தேடாதீர்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் தட்டப்பாறை அல்லது மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். 1914இலிருந்து தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில், தோட்டத்தின் கணக்கு கங்காணியின் தலையில், கங்காணியின் கணக்கு கூலியின் தலையில். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. வீட்டில் அப்படியொரு தாள் இருந்தால் அதுதான் உங்கள் பொக்கிஷம்.

கங்காணிமார் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான் ஆள் திரட்டினார்கள். ஆகவே உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டால் கங்காணியின் ஊரைக் கேளுங்கள். என் மாமியாரிடம் “தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்?” என்று கேட்டால் “இந்தியாவிலிருந்து” என்பார். கங்காணியைப் பற்றிக் கேட்டபோதுதான் “அவர் முசிறிப் பக்கம், எங்கள் ஆட்கள்தான்” என்றார். அடுத்த கேள்வி குலதெய்வம். எந்தப் பத்திரத்திலும் இல்லாத ஊர்ப்பெயர் குலதெய்வத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தாள்கள் என்று பார்த்தால், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பம் எல்லாவற்றிலும் மேலானது. கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருடமும், மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காக எந்த வருடம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று ஒன்றுவிடாமல் எழுதினார்கள். மாமியாரின் தகரப் பெட்டியில் இருந்த கார்பன் பிரதியில் 12 வருடத்தில் நான்கு தோட்டங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்த கடிதமும் பெட்டியிலேயே இருக்கிறது, கார்பன் பிரதியைவிட நல்ல நிலையில்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் மனுப் போட்ட குடும்பங்கள் உண்டு. போனவர்களிடம் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அவற்றில் தோட்டத்தின் பெயரும் பிள்ளைகளின் வயதும் இருக்கும். நீலகிரிப் பக்கத்து உறவுக்காரருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போனபோது, புத்தகங்கள் கைமாறிக் கைமாறிக் காணாமல் போயின. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை, தோட்டங்களைப் பட்டியலிடும் பழைய பெர்குசன் டிரெக்டரியில் பார்த்துக்கொண்டு போங்கள். மக்கள் அழைக்கும் பெயர் ஒன்று, ஏட்டில் உள்ள பெயர் வேறாக இருக்கும்.

கொழும்பு 7இல்

மேலே சொன்ன டிரெக்டரி, வர்த்தமானி, பழைய பத்திரிகைகள் எல்லாம் பார்க்கப் போக வேண்டிய இடம் பிலிப் குணவர்தன மாவத்தையில், பழைய ரீட் அவெனியூவில், இருக்கும் தேசிய சுவடிகள் காப்பகம். அடையாள அட்டையையும் பென்சிலையும் பொறுமையையும் கொண்டுபோங்கள். முதல் நாள் அட்டவணையை மட்டும் பாருங்கள், ஆவணம் கேட்காதீர்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டால் நாள் போய்விடும்.

டச்சுக்காரரின் தோம்புகள் இங்கே இருக்கின்றன. ஒன்று ஆட்களுக்கு, ஒன்று காணிகளுக்கு. சைவக் குடும்பமாயிற்றே, டச்சுத் தேவாலயத்துக்கும் நமக்கும் என்ன என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதவிக்கும் சட்டபூர்வமான திருமணத்துக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்ட காலம் அது. காலையில் பிலிப்பு, மாலையில் விபூதி. கையெழுத்துப் பழக ஒரு வாரம் ஆகும். சில சொற்களை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடியும்: ‘ஸோன்’ என்றால் மகன், ‘வேடுவே’ என்றால் விதவை. ‘டொக்டர்’ என்று படிக்கத் தோன்றும் சொல் மகளைக் குறிக்கும். என் பட்டியலில் ஒரு நாள் முழுக்கப் பதினோரு பெண் வைத்தியர்கள் இருந்தார்கள்.

கொழும்புச் செட்டிகள், பரதவர் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி எளிது. 1749இல் கட்டத் தொடங்கிய வுல்வெண்டால் தேவாலயம் உட்பட, கொழும்பு டச்சுச் சீர்திருத்தச் சபையின் பதிவேடுகள் 1677இலிருந்து ஃபாமிலிசேர்ச் இணையத்தளத்தில் படமாகக் கிடைக்கின்றன. கத்தோலிக்கர் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பங்குகளில் நேரில் கேட்க வேண்டும். செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார் வழி வந்தவர்கள் ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுடையது எது என்று தெரிந்துகொண்டால், அந்தக் கோயிலின் திருமணப் பதிவு மற்றதைச் சொல்லும்.

கேட்பதும் கேட்காமல் விடுவதும்

காகிதம் காத்திருக்கும், கிழவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள் என்று தலைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் ஒன்றும் வராது. “தைப்பிங் வீட்டில் கிணறு எந்தப் பக்கம்?” என்று கேட்டால் ஒரு மணி நேரம் வரும். பெரிய மாமி உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில் அப்படிக் கேட்டபோது, கிணறு இல்லை, குழாய்தான் என்றார். பிறகு அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு சீனப் பெண்ணைப் பற்றியும், அவளுடைய பிள்ளையின் முகச் சாயல் பற்றியும் சொன்னார். சொல்லிவிட்டு, “அதை எழுத வேண்டாம் தம்பி” என்றார். எழுதவில்லை. கொப்பியில் தைப்பிங் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் மாமியின் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலியைப் பத்திரிகையில் போட்டோம். இந்தத் தடவை “வெள்ளவத்தையை வதிவிடமாகவும்” என்றுதான் எழுதினேன். வெளிவந்த அன்று காலையிலேயே ரொறன்ரோவிலிருந்து குஞ்சியப்பா தொலைபேசியில் கேட்டார்: “ஏன் தம்பி தற்காலிகத்தை எடுத்துவிட்டாய்?” அடுத்த வருடம் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறார்.